எதிரே வந்த கைகள்

எர்சீலியா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. அடியில் இருந்த கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கணவன் நேவியோவின் நெட்டைக் காலுக்கென்றே ஒரே இடத்தில் இறுகிப்போயிருந்த இருக்கை, கிறீச்சென்று கத்தி ஊரைக் கூட்டியது.

"மெதுவா! இன்னும் மூணு மணி நேரத்துல அது வேற ஒருத்தர் பொருள்," என்றான் கீழே நின்ற நேவியோ.

"மூணு மணி நேரத்துக்கு என்னோடதுதானே? நீ போய் ஒரு சுத்து பாத்துட்டு வா."

சுற்றிப் பார்ப்பது அவர்கள் இருவருக்கும் சடங்கு மாதிரி. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற கேம்பர் அது. சாதாரணக் கார் போலக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட முடியாது. ஏறுகிற படி உள்ளே மடங்கியதா, கேஸ் மூடியாயிற்றா, தண்ணீர்க் குழாயைக் கழற்றியாயிற்றா, ஜன்னல்கள், கூரை, பின்னால் கட்டிய சைக்கிள்கள் என்று ஒருவர் இறங்கி ஒரு சுற்று வந்தால்தான் சக்கரம் உருளும். அந்த ஒருவர் எப்போதும் நேவியோதான். சுற்றி முடித்துவிட்டு வண்டியின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டி, "எல்லாம் மூடியாச்சு" என்பான். அதற்குப் பிறகு எர்சீலியா எதையும் திரும்பிப் பார்த்ததே கிடையாது. வாடிகனில் மணி அடித்தால் சந்தேகப்படலாம், நேவியோ தட்டினால் சந்தேகம் கிடையாது.

அன்றைக்கும் சுற்றி வந்தான். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கையால் தடவித் தடவிப் போனான். விற்கப்போகிற மாட்டைத் தடவிக்கொடுக்கிறான் பாவம் என்று நினைத்தாள் எர்சீலியா. நெற்றியில் இரண்டு தட்டு.

"எல்லாம் மூடியாச்சு."

வண்டிக்குப் பெயர் மாமியார். நேவியோ வைத்த பெயர்தான். மேடு ஏறும்போதெல்லாம் முனகும், இடம் போதாது என்று அழும், ஆனாலும் விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. அந்த மாமியாரைத்தான் இப்போது ஒர்தோனாவுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் ஒரேஸ்தே என்ற ஓய்வுபெற்ற முடிதிருத்துநருக்கு விற்கப் போகிறார்கள். பேசி முடித்தாயிற்று. ஒரேஸ்தே போன மாதம் இவர்கள் ஊரான கூப்ராவுக்கே வந்து பார்த்து, கட்டிலில் படுத்துப் பார்த்து, நேவியோவின் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

வசந்த காலத்தில் மருத்துவக் குழு நேவியோவின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. என்ன காரணம் என்று எர்சீலியா கேட்டாள். "வயசு எழுபத்திநாலு, அவனுங்களுக்கு என்ன, ஒரு முத்திரை குத்தினா வேல முடிஞ்சுது," என்றான். அவ்வளவுதான். சரி, நான் ஓட்டுகிறேன் என்றாள் இவள். இவள் என்ன சும்மாவா? இருபது வருஷம் வாரச் சந்தைகளில் படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும் விற்றவள். பனியிலும் மழையிலும் வேன் ஓட்டிக்கொண்டு மலையூர்ச் சந்தைக்கு விடியுமுன் போய் நின்றவள். மாமியாரும் அந்த வேனும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை, எஞ்சினைத் திறந்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கு நேவியோ சொன்ன பதில்தான் அவளைச் சுட்டது: "நான் ஓட்டாத வண்டி எனக்கு எதுக்கு?"

ஆண்பிள்ளைத் திமிர் என்று முடிவு கட்டினாள். அதனால்தான் ஒரேஸ்தே வந்து எடுத்துப்போகிறேன் என்றபோது இவள் முந்திக்கொண்டு, வேண்டாம், நாங்களே கொண்டுவருகிறோம் என்றாள். கணக்கு எளிது. நூற்றிருபது கிலோமீட்டர், தெற்கே போகிற ஆத்ரியாட்டிக் கடலோரச் சாலை. பட்டு மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் பெஸ்காரா நகரத்தைத் தாண்டுவதற்குள் அவனே வெட்கப்பட்டு, திருப்பு வண்டியை என்று சொல்லிவிடுவான். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் கடைசி வாரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போயாயிற்று, கடற்கரைக் குடைகளை மடக்கிவிட்டார்கள். இந்த நாட்களில் சாலை கேம்பர்காரர்களுக்கே சொந்தம். தெற்கே வெயில் காய்ந்துவிட்டு ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் திரும்புகிறவர்கள் வரிசையாக எதிரே வருவார்கள். எதிரே கேம்பர் வந்தால் கை காட்ட வேண்டும். யார், எந்த ஊர், வண்டி புதிதா ஓட்டையா, அதெல்லாம் பேச்சே இல்லை. நீயும் வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவன், நானும் அப்படித்தான், அவ்வளவுதான் அதன் பொருள். நேவியோ ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவான். முழுக் கையையும் வீசுவது பக்கத்து இருக்கையின் வேலை. இத்தனை வருஷமும் எர்சீலியா வீசியிருக்கிறாள். கை காட்டாமல் போகிறவர்களுக்கு நேவியோ ஒரு சாபம் வைத்திருந்தான்: "உன் கக்கூஸ் தொட்டி அடைச்சுக்க!" கேம்பர்காரனுக்கு அதைவிடப் பெரிய கேடு உலகத்தில் இல்லை.

சான் பெனெதெத்தோவைத் தாண்டியதும் முதல் கேம்பர் எதிரே வந்தது. எர்சீலியா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"கை காட்டு," என்றாள்.

நேவியோ அசையவில்லை. வண்டி கடந்து போனது. அதில் இருந்த கணவன் மனைவி இருவரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிவிட்டுப் போனார்கள்.

"யோவ்! என்ன, கல்லுப் பிள்ளையாரா நீ? அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா ஆட்டறாங்க, நீ பல்லிடுக்குல கூடச் சிரிக்கல."

"நீதானே ஓட்டற. ஓட்டறவதான் காட்டணும்."

"இது எப்பலேர்ந்து? பக்கத்து சீட்டு வேல என்னன்னு நான் உனக்குச் சொல்லித் தரணுமா?"

"சரி சரி, அடுத்ததுக்குக் காட்டறேன். ரோட்டப் பாரு."

அடுத்தது வந்தது. நேவியோ கையைத் தூக்கினான், ஆனால் அது கடந்துபோய்ப் பின் கண்ணாடியில் சிறுத்த பிறகு. அதற்கடுத்து ஒரு ரொட்டி வேனுக்கு இரண்டு விரலைத் தூக்கினான். ஜூலியனோவா அருகே எதிரே வந்த ஒரு பெரிய வெள்ளை வண்டிக்கு, ஐந்து விரலையும் விரித்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி வாய் நிறையச் சிரித்துக் கை ஆட்டினான்.

"அட பாவி மனுஷா! அது ஆம்புலன்ஸ்!"

"ஆம்புலன்ஸா?"

"உள்ள ஒருத்தன் உசுருக்குப் போராடிட்டிருக்கான், நீ அவனுக்கு டாட்டா காட்டற!"

"நல்லபடியா போய்ட்டு வரட்டும்னு காட்டினேன்," என்றான் நேவியோ, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

எர்சீலியா சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறான். தன்னை ஓரத்து இருக்கையில் உட்கார வைத்ததற்குப் பழி வாங்குகிறான். வாங்கட்டும், பார்க்கலாம் என்று கியரை மாற்றினாள். மாமியார் லேசாக முனகினாள். இன்றைக்குக் கூரைப் பக்கமிருந்தும் உஸ்ஸென்று ஒரு முனகல் வந்தது. விற்கப்போகிறார்கள் என்று அதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, அழுதுகொண்டு வருகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எதிரே வந்தவர்களின் கைகளைப் போல அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. வழக்கமாக ஒரு விநாடிக் கைதான், உயரும், இறங்கும், முடிந்தது. இன்றைக்கோ ஒவ்வொருவரும் பிரமாதமாக வீசினார்கள். விளக்கை மினுக்கினார்கள். பெல்ஜியம் வண்டியிலிருந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியே தோள்வரை வெளியே வந்து ஆட்டினாள். எர்சீலியாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது அம்மாள், நரைத்த கொண்டை, ஏழு மீட்டர் வண்டியை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு வருகிறாள். பார்த்தவனுக்கு மரியாதை வராமல் என்ன செய்யும்? பெஸ்காராவுக்குள் அந்தக் கண்றாவிப் போக்குவரத்து நெரிசலில் இவள் பாலாடையை எடுக்கிற மாதிரி மாமியாரை நழுவவிட்டுக் கொண்டுபோனாள். அவளுக்கே அவளை மெச்சிக்கொள்ளத் தோன்றியது, மெச்சிக்கொண்டாள்.

"பாத்தியா? பதினாலு பேர். பதினாலு பேரும் எனக்குச் சலாம் போட்டுட்டுப் போறாங்க. உனக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தன் இப்படி ஆட்டியிருப்பானா?"

நேவியோ ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தான்.

"விக்க வேண்டாம்யா," என்றாள் எர்சீலியா, குரலை இறக்கி. "நான் ஓட்டறேன். நீ உக்காந்து வா. அக்டோபர்ல தெற்க புல்யா பக்கம் போலாம், அந்த ஒலிவ மரத்தடி இடத்துக்கு. உனக்கு அதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"கை குடுத்தாச்சு எர்சீலியா."

"கை குடுத்தா என்ன, கழுத்தையா குடுத்த?"

"குடுத்தாச்சு. விடு."

அவ்வளவுதான். ஒர்தோனா போயிற்று. கீழே கடல், கடலுக்கும் சாலைக்கும் நடுவே ரயில் பாதை. இன்னும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. எர்சீலியாவின் கணக்கு முதல் தடவையாக உதைத்தது. பட்டு மாதிரிதான் ஓட்டினாள், ஒரு கீறல் இல்லை, ஒரு உதறல் இல்லை. இவன் மனசு இறங்கவில்லை. மாமியார் இன்று இரவு ஒரேஸ்தே வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நிற்பாள், நாங்கள் இருவரும் ரயிலில் ஊர் திரும்பி, குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம்.

ஒரேஸ்தே சொன்ன அடையாளம் வந்தது: இடது பக்கம் திரும்பி, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போனால் கடல் பக்கம் முதல் வீடு. பாலத்துக்கு முன்னால் வட்டப் பலகையில் உயரம் எழுதியிருந்தது, மூன்று மீட்டர் பத்து. எர்சீலியா தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கினாள். அதில் நேவியோ தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: 2.95. பதினைந்து சென்டிமீட்டர் மிச்சம். தாராளம்.

திரும்பினாள். வயிற்றெரிச்சல் வாயில் வந்தது.

"நீ மட்டும் பாக்கல. வழி பூரா ஜன்னலையே பாத்துட்டு வந்த. ஒர்தோனா மேட்டுல ஒரு செந்தாடிக்காரன் வந்தான் பாரு, ஜெர்மன்காரன், சீட்டுலேர்ந்து பாதி எழுந்தே நின்னுட்டான். விரல நீட்டி மேல, மேலன்னு காட்டறான். இவ எங்கேயோ ஆகாசத்துலேர்ந்து இறங்கி வந்தவன்னு சொல்ற மாதிரி!"

நேவியோவின் தலை சட்டென்று திரும்பியது.

"விரலா? கையா?"

"விரல்."

"லைட்டு போட்டானா?"

"மூணு தடவ."

"அதுக்கு முன்னாடி வந்தவங்க? அவங்க கை உன்னப் பாத்து ஆடிச்சா, மேல பாத்து ஆடிச்சா?"

"மேல பாத்துதான். தலைக்கு மேல தூக்கி..." பாலத்தின் நிழல் கண்ணாடி மேல் விழுந்தது.

"நிறுத்து! எர்சீலியா, நிறுத்து!"

இரண்டு காலாலும் மிதித்தாள். உள்ளே பானைகள் உருண்டன, அலமாரிக் கதவு ஒன்று திறந்து எல்லாத் தட்டும் தரைக்கு வந்தது. பின்னால் ஒரு பழ வண்டிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எர்சீலியா கதவைத் திறந்து குதித்து, நிமிர்ந்து பார்த்தாள்.

மாமியாரின் கூரை மேல், டி.வி.க்கான டிஷ், மடக்கி வைக்க வேண்டிய டிஷ், விரித்த குடை மாதிரி ஜம்மென்று நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதன் விளிம்புக்கும் பாலத்தின் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அடுத்த கணம் காது வரை சூடேறியது. பதினாலு பேர்! கூப்ராவிலிருந்து பதினாலு பேர் தொண்டை கிழிய, கை ஒடிய, உன் தலைக்கு மேலே பார் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். இவள் ராணி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கேம்பர்காரியைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இந்த முட்டாள்தனம் வாய்க்காது.

வெட்கம் கோபமாகத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? திரும்ப ஏறி உட்கார்ந்ததும் வெடித்தாள்.

"ஏன்யா, காலைல சுத்தி வந்தியே! ரெண்டு தட்டு தட்டினியே! எல்லாம் மூடியாச்சுன்னு சொன்னியே!"

"டிஷ் வேல செய்யுதான்னு ஒரேஸ்தே கேட்டாரு. காலைல தூக்கிப் பாத்தேன். இறக்க மறந்துட்டேன்."

"மறந்தா மறந்துட்டுப் போ. சுத்தி வந்தப்ப கூரையப் பாத்தியா இல்லியா?"

நேவியோ தன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான். பார்த்தான் என்று சொல்வது சரியில்லை, அந்தப் பக்கம் முகத்தை வைத்திருந்தான்.

"பாத்தேன். தெரியல."

"தெரியலன்னா?"

"நடுவுல ஒண்ணும் தெரியல எர்சீலியா. ஓரம் தெரியுது. ரோட்டோரம் மரம் தெரியுது, எதிர்ல ஏதோ வெள்ளையா பெருசா வர்றது தெரியுது. அது கேம்பரா, ஆம்புலன்ஸா, உள்ள இருக்கறவன் கைய தூக்கறானா, ஒண்ணும் தெரியல. போன நவம்பர்லேர்ந்து இப்படித்தான். உன் முகத்துலயே எனக்குக் காது ரெண்டும் கொண்டையும்தான் தெரியுது."

பின்னால் பழ வண்டிக்காரன் தலையை நீட்டி என்னவோ கத்தினான். எர்சீலியாவின் காதில் எதுவும் விழவில்லை. பத்து மாதம். ஒரே கட்டில், ஒரே மேஜை, பத்து மாதமாக இந்த மனுஷன் என் முகம் தெரியாமல் என் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான். நான் திமிர் என்றேன். பழி வாங்குகிறான் என்றேன். ஆம்புலன்ஸுக்குச் சிரித்தேன்.

"ஏன்யா சொல்லல?" என்றாள்.

"என்னன்னு சொல்லுவேன்? இத்தன வருஷம் நான் தட்டினா நீ நம்பின. இன்னிக்கும் தட்டினேன், பொய்யா தட்டினேன். உன்னக் கொண்டுபோய் பாலத்துல மோத விடப் பாத்தேன். எதிர்ல வர்றவன் கைய தூக்கறான், நான் மரம் மாதிரி உக்காந்திருக்கேன். அவனுக்கு எப்படித் தெரியும் எனக்குக் கண்ணு இல்லன்னு? என்னைத்தான் சபிச்சுட்டுப் போவான். அப்படி ஒருத்தன் எதுக்கு இந்த வண்டில? அதான் வித்துடலாம்னேன்."

எர்சீலியா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறதற்கு அவளுக்கு அதிக நேரம் தேவைப்படாது, சந்தைக்காரி. எழுந்து பின்னால் போய், உடைந்த தட்டுகளை மிதித்துக்கொண்டு, கூரையில் தொங்கும் கைப்பிடியைச் சுற்றினாள். டிஷ் மடங்கிப் படுத்தது. இறங்கிப் போய்த் தன் கண்ணால் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் ஒரேஸ்தே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். வா, வா என்று இரண்டு கையாலும் அழைத்தார்.

"இப்ப இடிக்காது. முன்னால போனா ஒரேஸ்தே வீடு. பின்னால போனா ரோடு. எங்க போகணும், நீ சொல்லு," என்றாள் எர்சீலியா.

"கை குடுத்திருக்கேன்."

"நான் ஒண்ணு சொல்றேன், அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன். இன்னிக்குப் பதினாலு பேர நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஒருத்தன் சொன்னதுகூட எனக்குப் புரியல. பெருமையில மண்டை வீங்கிப்போய் உக்காந்திருந்தேன். நீ ஒருத்தனையும் பாக்கல. நான் வாயால சொன்னதும் நாலே கேள்வி கேட்ட, வண்டிய நிறுத்திட்ட. நீ பக்கத்துல இல்லாம இருந்திருந்தா இந்தக் கூரை இப்ப அந்தப் பழ வண்டிக்காரன் மடில கிடக்கும். கண்ணு வேணும்னா என்கிட்ட இருக்கு. நீ வேற எங்க கிடைப்ப?"

நேவியோ முகத்தை அவள் பக்கம் திருப்பினான். நேராக அல்ல, கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால். காலையிலிருந்து அவன் ஏன் அப்படியே பார்க்கிறான் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓரக்கண்ணில்தான் அவள் இருந்தாள்.

"பின்னால யாரு நிக்கறா?" என்று கேட்டான்.

"பழ வண்டி. அதுக்குப் பின்னால ரெண்டு காரு."

"அவங்கள நகரச் சொல்லு."

எர்சீலியா ஜன்னலில் தலையை நீட்டி, சந்தையில் விற்ற அதே குரலில், "எல்லாம் பின்னால போங்கய்யா! மாமியாரு திரும்பி வர்றாங்க!" என்று போட்ட சத்தத்தில் பழ வண்டிக்காரன் ஹாரனை விட்டுவிட்டான்.

ஒரேஸ்தே ஓடி வந்தார். "என்ன, என்ன ஆச்சு? உயரம் இடிக்குதா?"

நேவியோ இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒரேஸ்தே, டிஷ் நல்லா வேல செய்யுது. ஆனா நான் வண்டிய விக்கல. கை குடுத்துட்டு மாத்திப் பேசறேன், தப்புதான். என் கண்ணு போச்சுன்னு வித்தேன். ஆனா அத என் பொண்டாட்டிகிட்ட சொல்லாமலே வித்தேன்," என்றான்.

"வேலிய வெட்டிட்டேன்யா! பத்து வருஷ வேலி! இந்த வண்டி நிக்கணும்னு அடியோட வெட்டிட்டேன்!" ஒரேஸ்தே தலையில் கை வைத்துக்கொண்டார். நியாயமான கோபம், கத்தினார், கத்தட்டும். கத்திக்கொண்டிருக்கும்போதே எர்சீலியா இரண்டு கண்ணாடியையும் பார்த்து, மாமியாரைப் பாலத்தடியிலிருந்து பின்பக்கமாக ஒரே வளைவில் எடுத்து, சாலையோரம் சுவரை ஒட்டி, ஒரு முழம் இடைவெளியில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தாள். ஒரேஸ்தே வாயை மூடினார். சுவரையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த அம்மா இப்படி ஓட்டும்னா நீங்க எதுக்குய்யா விக்கணும்?" என்றார் கடைசியில், இன்னும் கோபமாகவே. "ஆனா எனக்குத் தெரியாது, உள்ள வந்து என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க. பத்து நாளா திரைச்சீலை தைச்சிட்டிருக்கா."

போய்ச் சொன்னார்கள். அந்த அம்மாள் விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. திட்டித் தீர்த்துவிட்டு, வந்த விருந்தாளி பசியோடு போகக் கூடாது என்று ஆறு வகை மீன் போட்ட குழம்பை முன்னால் வைத்து, அவர்கள் சாப்பிடும்போதும் விடாமல் திட்டினாள். தைத்த திரைச்சீலையையும் கையில் திணித்து அனுப்பிவிட்டாள், இனி எனக்கெதற்கு இது என்று. மாமியாரின் ஜன்னலுக்கு அது அளவாகப் பொருந்தியது.

கிளம்பும்போது நேவியோ வண்டியைச் சுற்றி வந்தான். கையால் தடவிப் படி, கேஸ், குழாய், சைக்கிள். எர்சீலியா கூடவே நடந்தாள்.

"கூரை?" என்றான்.

"மூடியிருக்கு. பாத்தேன்."

இரண்டு தட்டு. "எல்லாம் மூடியாச்சு."

ஏறி உட்கார்ந்ததும் நேவியோ சொன்னான்: "ஒரு கண்டிஷன். எதிர்ல வர்றவன் என்ன செஞ்சானோ அத அப்படியே சொல்லணும். எனக்காகப் பூசி மெழுகக் கூடாது. பொய் சொன்னா திரும்ப ஒரேஸ்தேகிட்டயே குடுத்துடுவேன்."

"நீ மட்டும் பத்து மாசம் பொய் சொல்லலாமா?"

"அதனாலதான் சொல்றேன். போதும்."

வடக்கே திரும்பினார்கள். கடல் இப்போது நேவியோவின் பக்கம். ஒர்தோனா இறக்கத்தில் தூரத்தில் ஒரு கேம்பர் முளைத்தது. எர்சீலியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நெருங்கட்டும், நெருங்கட்டும்.

"இப்போ!"

நேவியோவின் கை எழுந்தது. அதே பழைய இரண்டு விரல் இல்லை. முழுக் கை, பக்கத்து இருக்கைக் கை.

"காட்டினானா?"

"காட்டினான். வயசானவன், தொப்பி போட்டிருக்கான். மடில ஒரு நாய். நாயோட கால எடுத்து அதையும் காட்ட வெச்சான்."

"நாயா! என்ன நாய்?"

"அதுக்குள்ள எப்படித் தெரியும்? காது தொங்கிச்சு."

நேவியோ இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூரையில் உஸ்ஸென்ற சத்தம் இல்லை. எஞ்சின் மட்டும் வழக்கம்போல முனகியது.

அடுத்து ஒன்று வந்தது, பஸ் அளவு, புத்தம் புதிது, கண்ணாடி பளபளவென்று.

"இப்போ!"

நேவியோ கையைத் தூக்கி நன்றாக வீசினான். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் நேராகப் பார்த்தபடி, கழுத்தைக்கூடத் திருப்பாமல் போனான்.

"காட்டினானா?"

காட்டினான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது எர்சீலியாவுக்கு. ஒரு வார்த்தை. சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? பக்கத்தில் அவன் முகத்தைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவளையே பிடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இல்ல," என்றாள். "திரும்பிக்கூடப் பாக்கல."

நேவியோ ஜன்னலை இறக்கினான். தலையை வெளியே நீட்டி, ஆத்ரியாட்டிக் கடலே கேட்கும்படி, பத்து மாதமாகத் தொண்டையில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"உன் கக்கூஸ் தொட்டி அடைச்சுக்க!"